லோடு ஏறும்போது

திருவண்ணாமலையில் இருந்துகொண்டு மோட்டார் படகைப் பற்றிக் கவலைப்படுவது கேட்பவருக்கு வேடிக்கையாக இருக்கலாம். கடல் இங்கிருந்து நூறு கிலோமீட்டர் தொலைவு. ஊருக்குள் தண்ணீரில் மிதப்பது என்றால், கார்த்திகை தீபம் முடிந்த கையோடு ஐயங்குளத்தில் மூன்று இரவுகள் வலம்வரும் தெப்பல்தான். அதில் எஞ்சின் கிடையாது. முப்பது கிலோமீட்டர் தள்ளி, தென்பெண்ணையின் குறுக்கே 1958-இல் கட்டி முடித்த சாத்தனூர் அணையில் தண்ணீர் உண்டு, மீன்பிடிப்பும் உண்டு. ஆனால் அங்கும் வலைபோடப் போகிறவருக்குப் பரிசல் போதும். இருந்தும் 2024 டிசம்பருக்குப் பிறகு இந்த மாவட்டத்தில் படகு என்பது சுற்றுலா சமாச்சாரமாக மட்டும் இல்லை. ஃபெஞ்சல் புயல் கொண்டுவந்த மழையில் டிசம்பர் 1 மாலை மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி, வ.உ.சி. நகரில் ஏழு உயிர்களைக் கொண்டுபோயின. மறுநாள் விடியும் முன்பே சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்துவிடப்பட்டு, ஆறு கரையை மீறி விழுப்புரம், கடலூர் வரைக்கும் ஊர்களுக்குள் புகுந்தது. முந்தின நாள் பஸ் போன இடத்தில் படகு போனது. போன படகுகள் ஆட்களைக் கரைசேர்த்தன. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. அரித்துக்கொண்டிருப்பது வேறொரு கேள்வி. வருஷத்தில் பதினொரு மாதம் ஷெட்டில் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிற ஒரு பழைய அவுட்போர்டு எஞ்சின், பன்னிரண்டாவது மாதம் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு நீரோட்டத்தை எதிர்த்துப் போகுமா என்பதை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்கு எல்லா ஊரிலும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்கள். இருநூறு லிட்டர் டிரம்மின் மேல்மூடியை வெட்டியெடுத்து, தண்ணீர் நிரப்பி, எஞ்சினின் காலை அதில் இறக்கி, கயிற்றைப் பிடித்து இழுப்பது. நாலாவது இழுப்பில் இருமும், ஆறாவதில் பிடித்துக்கொள்ளும். நீலப் புகை கிளம்பும், டிரம் தண்ணீர் கொந்தளித்து வெளியே தெறிக்கும், சத்தம் சீராக நிற்கும். சுற்றி நிற்பவர்கள் தலையாட்டுவார்கள். அதே எஞ்சினை ஏரியில் இறக்கிப் பாதி ரேஸ் கொடுக்கும்வரை ஒன்றும் தெரியாது. அதற்கு மேலே திருகியதும் ஒரு விக்கல், இன்னொரு விக்கல், பிறகு தொடர்ந்து மிஸ்ஸிங். மூக்கைத் தூக்கி, தண்ணீர்மேல் ஏறி வழுக்கிக்கொண்டு போகவேண்டிய படகு, தூக்கிய மூக்கோடு ஏரியை உழுதுகொண்டு நிற்கும். கரைக்குக் கொண்டுவந்து மறுபடி டிரம்மில் போட்டால் மறுபடியும் சொக்கத்தங்கம். ஓட்டினவர் பொய் சொல்கிறார் என்று மெக்கானிக்கும், மெக்கானிக்குக் கைத்தொழில் போதாது என்று ஓட்டினவரும் நினைத்துக்கொண்டு பிரிவார்கள்.

யாரும் பொய் சொல்லவில்லை. டிரம்மில் எஞ்சினுக்கு வேலை இல்லை, அவ்வளவுதான். புரொப்பல்லர் கடைகிற தண்ணீர் ஒரு நிமிஷத்தில் பாதிக்கு மேல் நுரையாகிவிடுகிறது. நுரையைத் தள்ளப் பலம் வேண்டாம். தள்ளிப்போக ஒரு படகும் இல்லை. இது படகுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். விசித்திரம் என்னவென்றால், இந்த எஞ்சினைச் சோதிக்க வழிவழியாக வந்திருக்கிற சின்னச்சின்னப் பரீட்சைகள் ஒவ்வொன்றுக்கும் இதே குணம் இருப்பது. ஒவ்வொன்றும் எஞ்சினை அதன் சுமையிலிருந்து விடுவித்துவிட்டு, பிறகு அதை நலம் விசாரிக்கிறது.

பிளக் சோதனையை எடுத்துக்கொள்ளலாம். பிளக்கைக் கழற்றி, கேப்பில் சொருகி, அதன் உடம்பை எஞ்சினின் இரும்பில் ஒட்டவைத்து, கயிற்றை இழுத்தால் முனையில் நீலப் பொறி தெறிக்கும். 'கரண்ட் வருது' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த சந்தேகத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால் அந்தப் பொறி பாய்ந்தது திறந்த காற்றில். சிலிண்டருக்குள் அதே இடைவெளியில், ஏழெட்டு மடங்கு நெருக்கப்பட்ட காற்றுக்குள் அது பாய்ந்தாக வேண்டும். 1889-இல் ஃபிரெட்ரிக் பாஷென் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் காட்டியது இதைத்தான்: ஒரு வாயுவைக் கிழித்துக்கொண்டு மின்சாரம் பாயத் தேவையான வோல்டேஜ், இடைவெளியையும் வாயுவின் அழுத்தத்தையும் பெருக்கிவரும் அளவைப் பொறுத்தது. இடைவெளி மாறாமல் அழுத்தம் மட்டும் ஏறினால் வோல்டேஜும் ஏறியாக வேண்டும். ஐடிலிங்கில் கார்பரேட்டரின் தட்டு ஏறக்குறைய மூடியிருக்கிறது. சிலிண்டருக்குள் போகிற காற்று கொஞ்சம், நெருக்கும்போது எழும் அழுத்தமும் கொஞ்சம். கிழட்டு காயிலுக்கும் அது முடிகிற காரியம். முழு ரேஸில் தட்டு அகலத் திறக்கிறது, சிலிண்டர் நிரம்புகிறது, அழுத்தம் ஏறுகிறது. காயிலால் அவ்வளவு வோல்டேஜைத் திரட்ட முடியாதபோது பொறி பாயாது, அல்லது பிளக் பீங்கானில் இருக்கும் மயிரிழை வெடிப்பு வழியாக, விரிசல் விட்ட ஒயர் வழியாக, சுலபமான வேறொரு பாதையில் வழிந்துபோகும். படகைத் தள்ள அதிகப் பலம் தேவைப்படும் அதே நொடியில் பொறி கைவிடுவது தற்செயல் அல்ல. அந்த நொடியில்தான் அதனிடம் அதிகம் கேட்கப்படுகிறது.

எத்தனை முறை கேட்கப்படுகிறது என்று கணக்குப் போட்டால் கொஞ்சம் தலைசுற்றும். 2,668 அடி உயர மலையின் உச்சியில் கொப்பரையில் ஏற்றுகிற தீபம், ஏற்றியபின் பதினொரு நாள் எரிகிறது. இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்று 5,000 ஆர்பிஎம்மில் ஓடினால், நிமிஷத்துக்குப் பத்தாயிரம் முறை விளக்கை ஏற்றி அணைக்கிறது. அதில் இருபதில் ஒன்று தவறினாலே படகில் இருப்பவருக்கு உடம்பில் தெரியும். பத்தொன்பது சரியாக எரிந்ததை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

சூடு இன்னொரு மறைவிடம். காயிலைக் கழற்றி மேசைமேல் வைத்து மீட்டரில் அளந்தால் ஓம் கணக்கு புத்தகத்தில் உள்ளபடியே இருக்கும். இருபது நிமிஷம் ஓடி மூடிக்குள் கொதிக்கும்போது செம்புக் கம்பி விரியும், உள்ளே ஒரு இணைப்பு விலகும், கணக்கு தப்பும். நிறுத்தி ஆறவைத்தால் விலகினது மறுபடி சேர்ந்துகொள்ளும். போதாக்குறைக்கு, சில பழைய மாடல்களில் ஃபிளைவீலுக்குக் கீழே குறைந்த வேகத்துக்கு ஒரு சுற்றும் அதிக வேகத்துக்கு ஒரு சுற்றும் தனித்தனியாக இருக்கும். இரண்டாவது செத்துப்போயிருந்தால், எஞ்சின் கயிற்றுக்கு அழகாகப் பிடித்துக்கொண்டு, அழகாக நின்று சுற்றி, ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேலே மட்டும் தடுமாறும். அதை டிரம்மில் கண்டுபிடிக்க முயல்கிறவர் பிளக், காயில், கார்பரேட்டர் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போவார். கடைக்காரருக்குத்தான் லாபம்.

பெட்ரோல் பக்கமும் இதே கதை. ஐடிலிங்கில் மணிக்கு ஒரு லிட்டர் சொச்சம் குடிக்கிற நாற்பது குதிரைசக்தி டூ ஸ்ட்ரோக், முழு ரேஸில் பதினைந்து லிட்டருக்கு மேலே கேட்கும். ஹோஸின் உள்தோல் உரிந்து நாக்கு மாதிரித் தொங்கினாலும் ஒரு லிட்டர் கசிந்து வந்துவிடும், பதினைந்து வராது. டேங்க் மூடியில் காற்றுத் திருகைத் திறக்க மறந்திருந்தால் பத்து நிமிஷம் ஒன்றும் ஆகாது; பிறகு உள்ளே வெற்றிடம் கூடி, வழியில் இருக்கிற ரப்பர் பந்து சப்பையாக ஒட்டிக்கொள்ளும். அந்தப் பந்துதான் இந்த எஞ்சினின் மிக மலிவான, மிக நேர்மையான மீட்டர். எஞ்சின் திணறும்போது அதைத் தொட்டுப் பார்க்கவேண்டும். சப்பிப்போயிருந்தால் அடைப்பு டேங்க் பக்கம். பந்தை அமுக்கிக்கொண்டே இருந்தால் எஞ்சின் தெளிந்து ஓடுகிறது என்றால் பம்பின் டயாஃப்ரம் களைத்துவிட்டது. சோக்கைக் கொஞ்சம் இழுத்தால் தேறுகிறதா? பெட்ரோல் போதவில்லை, ஜெட்டில் பிசின் படிந்திருக்கலாம். சோக்கை இழுத்ததும் இன்னும் மோசமானால் பெட்ரோல் பக்கத்தை இப்போதைக்கு விட்டுவிட்டு, பொறியைத் தேடிப் போகலாம். இவற்றில் ஒன்றைக்கூடக் கரையில் செய்ய முடியாது என்பதைக் கவனிக்கவேண்டும். ஓடுகிற படகில், திணறுகிற நிமிஷத்தில், பின்பக்கம் குனிந்து உட்கார்ந்து செய்யவேண்டியவை.

டேங்குக்குள் இருப்பது என்ன என்ற கேள்வி கடந்த சில வருஷங்களாகச் சிக்கலாகிவிட்டது. 2022-இல் நாடு பத்து சதவீத எத்தனால் கலப்பை எட்டியது. 2023 முதல் இருபது சதவீதம் பரவத் தொடங்கியது. சாத்தனூர்க் கால்வாய்ப் பாசனத்திலும் கரும்பு விளைகிற மாவட்டத்தில் எத்தனாலைத் திட்டினால் பக்கத்து வயல்காரரிடம் பேச்சு வாங்கவேண்டியிருக்கும். அதற்கு நியாயமும் உண்டு, ஆக்டேன் எண்ணை அது ஏற்றித்தான் கொடுக்கிறது. ஆனால் லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு சக்திதான். எரிய அதற்குக் காற்றும் குறைவாகத்தான் வேண்டும். பழைய கார்பரேட்டருக்கு இந்தக் கணக்குத் தெரியாது, பழைய ஜெட் வழியே பழைய அளவையே விடும். பெரும்பாலான அவுட்போர்டு தயாரிப்பாளர்கள் பழைய எஞ்சின்களுக்குப் பத்து சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வது இதனாலும், ரப்பர் பாகங்களை எத்தனால் இளக்கிவிடும் என்பதாலும்தான். ஓடிக்கொண்டே இருக்கிற பைக்குக்கு இது பெரிய சங்கடம் இல்லை. தூங்குகிற எஞ்சினுக்குச் சங்கடம். பாதி நிரம்பிய டேங்க் இரவு குளிர்ந்து பகல் சூடாகி மூச்சுவிடுகிறது. ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் ஈரம் உள்ளே வருகிறது. எத்தனால் அதை இழுத்துக் கரைத்து வைத்துக்கொள்கிறது. பத்து சதவீதக் கலப்பில் ஏறக்குறைய அரை சதவீதம் தண்ணீர் வரை தாங்கும். இருபத்துநான்கு லிட்டர் டேங்கில் அது ஒரு டம்ளர். அதைத் தாண்டினதும் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் போய்ப் படுக்கும். இருபது சதவீதக் கலப்பு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். ஆனால் பிரிகிறபோது அடியில் போவதும் கூடுதல். உறிஞ்சுகுழாயின் வாய் இருப்பதும் அதே அடியில்தான். டூ ஸ்ட்ரோக்கில் இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது: கலந்து வைத்த ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். எஞ்சின் குடிப்பது எரியாத, வழவழப்பும் இல்லாத ஒரு திரவம். ஒரு கண்ணாடி பாட்டிலில் அடிப்பெட்ரோலைப் பிடித்து ராத்திரி முழுக்க வைத்துவிட்டால் காலையில் கோடு பிரிந்து தெரியும். இத்தனை பரீட்சைகளில் சுமை ஏற்றாமல் உண்மை சொல்கிற அபூர்வமான ஒன்று இது. ஆனாலும் செய்கிறவர்கள் குறைவு.

எரிபொருளைச் சந்தேகப்படுவது என்றால் யாழ்ப்பாணத்தாரிடம் பாடம் கேட்கவேண்டும். 1990-களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் அங்கே பெட்ரோல் மருந்து மாதிரித் துளிக்கணக்கில் கிடைத்தது. காரையும் மோட்டார் சைக்கிளையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. அதனால் சின்னப் போத்தலில் இருந்து கார்பரேட்டருக்குக் கொஞ்சம் பெட்ரோல் காட்டி ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பிளக் கரியேறும், வழியில் நிற்கும், இறங்கித் துடைத்துப் போட்டுவிட்டு ஏறுவார்கள். அந்தக் கரையின் மீனவருக்கு இது புதிது இல்லை. மண்ணெண்ணெய் அவுட்போர்டில் பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாறுவதும், கரை நெருங்கும்போது மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி கார்பரேட்டரைக் கழுவிவிட்டு நிறுத்துவதும் அன்றாடப் பழக்கம். (2022 ஆகஸ்டில் இலங்கை அரசு மண்ணெண்ணெயை லிட்டருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏற்றியபோது வடக்கின் படகுகள் கரையிலேயே கிடந்ததற்கு எஞ்சின் காரணம் அல்ல, அது வேறுவகைத் திணறல்.) இங்கே சொல்ல வந்தது என்னவென்றால், தினமும் மிஸ்ஸிங்கோடு வாழ்ந்தவர்களுக்கு எஞ்சின் சத்தம் பாஷை மாதிரி ஆகிவிடுகிறது. எந்த இருமல் எரிபொருளினுடையது, எந்த இருமல் பொறியினுடையது என்று கேட்டே சொல்வார்கள். பொறி தவறினால் அறுத்தாற்போல் டக்கென்று நிற்கும், டக்கென்று திரும்பிவரும். எரிபொருள் தவறினால் களைப்பு மாதிரி மெல்ல இறங்கும். இது கேட்டுப் பழகினவருக்கு மட்டும் பயன்படுகிற அறிவு. வருஷத்துக்கு ஒருமுறை கயிறு இழுக்கிறவருக்கு எந்த இருமலும் ஒரே இருமல்தான்.

திருவண்ணாமலை மாதிரி ஊரில் இந்தக் காது முன்பு வேறு வழியாக வந்தது. ஆர்எக்ஸ் 100-ம் மேக்ஸ் 100-ம் டிவிஎஸ் 50-ம் ஓடிய காலத்தில் செங்கம் ரோட்டிலும் போளூர் ரோட்டிலும் இருந்த எந்தப் பைக் மெக்கானிக்குக்கும் டூ ஸ்ட்ரோக் தெரியும். அவரைக் கூட்டிவந்து அவுட்போர்டைக் காட்டினால், மூடியைத் திறந்து, 'இதுவா' என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு ஸ்பேனரைக் கேட்பார். ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-இல் நின்றது. 2015-இல் டிவிஎஸ் எக்ஸ்எல்கூட ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறியது. இன்றைக்கு முப்பது வயதுக்குள் இருக்கிற மெக்கானிக் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துப் பழகியவர். பழைய அவுட்போர்டில் ஸ்கேனர் செருக இடமில்லை. கேள்வி கேட்கத்தான் இடம் இருக்கிறது.

"அண்ணே, ரேஸ் குடுத்தா யாரோ பின்னாடி புடிச்சு இழுக்கற மாதிரி இருக்குண்ணே."

"எடுத்த எடுப்புலயேவா, கொஞ்ச நேரம் ஓடினப்புறமா?"

"போறப்ப நல்லாத்தான் போச்சு. ஆளை ஏத்திக்கிட்டுத் திரும்பறப்பதான்."

"சத்தம் கம்மியாச்சா, கூடுச்சா?"

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கிறவர் தேர்ந்தவர். சத்தம் குறைந்து படகும் மெதுவானால் எஞ்சினைப் பார்க்கவேண்டும். சத்தம் கூடி, எஞ்சின் வெறிபிடித்த மாதிரிச் சுற்றி, படகு மட்டும் மெதுவானால் எஞ்சின் நிரபராதி. புரொப்பல்லருக்கு நடுவில் இருக்கிற ரப்பர் புஷ் வழுக்குகிறது. ஓட்டுகிறவர் இரண்டுக்கும் 'இழுக்கல' என்றுதான் சொல்லுவார். அந்தப் புஷ்ஷும், பாருங்கள், வெறும் படகில் பிடித்துக்கொண்டு ஆளேறிய படகில்தான் வழுக்கும்.

இங்கே ஒரு சந்தேகம் குறுக்கே வருகிறது. சுமையில்தான் பழுது தெரியும் என்று இவ்வளவு தூரம் சொன்னபின், சுமையே பழுதாக இருந்தால் என்ன செய்வது? பழைய ஃபைபர் படகின் இரண்டு சுவர்களுக்கு நடுவே மிதப்புக்காக அடைத்திருக்கும் ஃபோம், வெடிப்பு வழியே வருஷக்கணக்கில் தண்ணீர் குடித்திருக்கும். ஒரு கனஅடித் தண்ணீர் இருபத்தெட்டுக் கிலோ. மூன்று கனஅடி ஊறியிருந்தால், டிக்கெட் வாங்காத ஒரு வாட்டசாட்டமான ஆள் எப்போதும் படகில் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். எஞ்சினைப் பிரித்துப் பூட்டினாலும் அவர் இறங்கமாட்டார். காற்றும் இப்படித்தான். 1820-களில் ஜான் சல்லிவன் வெட்டிய ஊட்டி ஏரி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. சமவெளியில் ஜெட் பார்த்துச் சரிசெய்த எஞ்சினை அங்கே கொண்டுபோனால், காற்று மெலிந்திருப்பதால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பலம் தானாகப் போய்விடும். கலவையில் பெட்ரோல் மிஞ்சி பிளக் கறுக்கும். எஞ்சினில் ஒரு திருகுகூடக் கெட்டிருக்காது. இடம் மாறியது, அவ்வளவே. எங்கே எஞ்சின் முடிகிறது, எங்கே படகு தொடங்குகிறது, எங்கே ஏரி தொடங்குகிறது என்று கோடுபோட்டுச் சொல்லமுடியாத ஒன்றை, நாம் ஸ்பேனர் எட்டுகிற இடத்தோடு நிறுத்திக்கொண்டு 'எஞ்சின் கம்ப்ளெயின்ட்' என்கிறோம்.

இதைவிடச் சங்கடமான சந்தேகம் ஒன்று உண்டு. சுமை ஏற்றிச் சோதிப்பது இலவசம் அல்ல. இரண்டில் ஒரு சிலிண்டருக்குப் பெட்ரோல் குறைவாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது. குறைந்தால் இரண்டும் குறையும். மெதுவாக ஓட்டினால் அந்தக் குறையோடு இன்னும் நாலு வருஷம் ஓடலாம். எங்கே திணறுகிறது என்று பார்க்க முழு ரேஸில் பத்து நிமிஷம் பிடித்துவைத்தால், பிஸ்டன் தலையில் ஓட்டை விழலாம், ரிங் சுவரோடு ஒட்டிக்கொள்ளலாம். நோயைக் கண்டுபிடிக்கிற காரியமே நோயை முற்றவைக்கிற காரியமாகவும் ஆகிவிடுகிறது. அனுபவஸ்தர்கள் இதற்கு ஒரு சமரசம் வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்குள் இறக்குமுன் இரண்டு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளந்துவிடுவது. ஒன்றுக்கொன்று பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏரிக்கே போவதில்லை. போனாலும், திணறல் தொடங்கிய நிமிஷத்தில் ரேஸைக் குறைக்காமல் அப்படியே எஞ்சினை அணைத்துவிட்டு, மிதந்துகொண்டே பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது. பழுப்பு என்றால் நல்லது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கறுத்து நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் தீயே பிடிக்கவில்லை. ஐடிலிங்குக்கு இறக்கி, கரைக்கு வந்து, ஆறவைத்துக் கழற்றிய பிளக் வேறொரு கதையைச் சொல்லும். கரைக்கு வந்த கதை அது.

ஒவ்வொரு வருஷமும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் தீயணைப்புத் துறையினர் மாவட்டந்தோறும் மீட்பு ஒத்திகை நடத்துகிறார்கள். நாளிதழ்ப் படங்களில் லைஃப் ஜாக்கெட், கயிறு, லாரி டியூப், காலி வாட்டர் கேன்களைக் கட்டிய மிதவை, சில ஊர்களில் படகும். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருக்கும். குளத்துத் தண்ணீர் அசையாமல் கிடக்கும். சுற்றிலும் பள்ளிப் பிள்ளைகள். அந்த ஒத்திகை தேவையில்லை என்று எவரும் சொல்லமுடியாது. முடிச்சுப் போடவும், தூக்கிக்கொண்டு வரவும் கை பழகவேண்டும். எஞ்சினைப் பொறுத்தமட்டில் அது டிரம்மைவிட ஒரு படிதான் மேல். தென்பெண்ணையின் மேல் அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைத்துக் கட்டி, திறந்து சில மாதங்களே ஆன புதுப் பாலம் அந்த டிசம்பர் 2 வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனதை இந்தப் பக்கத்தார் மறந்திருக்கமாட்டார்கள். செப்டம்பரில் அதன்மேல் நடந்தவருக்கு அது நல்ல பாலம்தான். பாலத்தை வெள்ளம் விட்டுச் சோதிக்க முடியாது என்பது புரிகிறது. படகை ஓரளவுக்குச் சோதிக்க முடியும் என்பதுதான் வித்தியாசம்.

முடியும் என்றால் எங்கே? மே மாதத்தில் இந்த மாவட்டத்து ஏரிகளில் பலவற்றில் ஆடுமாடு மேயும். அவை நிரம்புகிற நேரம் ஒத்திகைக்கு நேரமில்லாத நேரம். மிச்சம் இருப்பது சாத்தனூர்தான். படகை வண்டியில் ஏற்றி முப்பது கிலோமீட்டர் கொண்டுபோகவேண்டும். நீர்வளத் துறையிடம் அனுமதி வாங்கவேண்டும். முதலைகள் உள்ள நீர்த்தேக்கம் என்பதால் கூட ஒரு படகும் வேண்டும். ஆறு பெரியவர்களையோ, அவர்கள் எடைக்கு மணல் மூட்டைகளையோ ஏற்றிக்கொண்டு அரைமணி நேரம் ஏறக்குறைய முழு ரேஸில் போய்வரவேண்டும். ரப்பர் பந்தின்மேல் ஒரு கையும், எஞ்சின் சத்தத்தின்மேல் ஒரு காதும் வைத்துக்கொண்டு. பழைய நாற்பது குதிரைசக்திக்கு அதற்கு எட்டுப் பத்து லிட்டர் பெட்ரோல் ஆகும், இன்றைய விலையில் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். நன்றாக ஓடுகிற எஞ்சினுக்கு, யாரையும் மீட்காத ஒரு நாளில், இந்த ஆயிரம் ரூபாயை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யாராவது ஒரு கிளார்க் நிச்சயம் கேட்பார். அவர் கேட்பதிலும் தப்பில்லை.